ரெனே என்றால்

ஒரு சப்பாத்தைக் கழற்றி மற்றதைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, அம்மா, நான் முந்தியும் ஒருக்கா பிறந்தனானோ என்று நாலு வயது ரெனே கேட்கிறாள், சுகந்தினி அடுப்பை நிறுத்துகிறாள், ஆரம்மா சொன்னது, ரீச்சர் சொன்னவ, எல்லாற்ற பேருக்கும் அர்த்தம் சொன்னவ, ரெனே எண்டால் திரும்பப் பிறந்தவளாம், இவள் பிறந்தபோது பாரிஸ் ஆஸ்பத்திரியில் புருசன் தயாபரன் அந்தப் பேரைச் சொன்னபோது அது சுகந்தினிக்கு வெறும் சத்தம், எந்த ஞாபகமும் ஒட்டாத சத்தம், அதனால்தான் சம்மதித்தாள், செத்த மூத்த பிள்ளையின் பேரை மட்டும் இவளுக்கு வைக்கவேண்டாமப்பா என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள், அந்தப் பிள்ளைக்கும் நாலு வயதுதான், சண்டைக்காலம், வன்னியில் பதுங்குகுழிக்குள் அம்மா தண்ணி என்கிறாள், சுகந்தினி போத்தலோடு மேலே ஏறுகிறாள், செல் விழுந்து வெடிக்கிறது, திரும்பி ஓடிவந்தால் குழி இருந்த இடத்தில் மண்தான் இருக்கிறது, போத்தல் நிறையத் தண்ணீர்.

வேலை முடிந்து வந்த தயாபரன் சட்டையைக்கூட மாற்றவில்லை, உங்களுக்கு அர்த்தம் தெரியுமோ என்றாள் சுகந்தினி, தெரியும், நேர்ஸிட்டக் கேட்டுத்தான் வைச்சனான், லத்தீன்ல ரெனாத்தா எண்டு இருந்ததாம், ஞானஸ்நானம் எடுத்தவைக்கு வைக்கிற பேராம், எனக்கு ஏன் சொல்லேல்லை, சொன்னால் விட்டிருப்பியோ, அவளின்ர பேரை வைக்கக்கூடாதெண்டாய், படத்தையும் மாட்டக்கூடாதெண்டாய், நான் என்ர பிள்ளையை எங்கயப்பா வைக்கிறது என்று அவன் கத்தினான், அதற்குப்பிறகு மூன்று நாள் சுகந்தினிக்கு ரெனேயைப் பேர் சொல்லிக் கூப்பிட நா எழவில்லை, குளிப்பாட்டும்போது அவள் கை தன்பாட்டில் குழந்தையின் முதுகில் ஒரு மச்சத்தைத் தேடியது, மூத்தவளுக்கு இருந்த, இவளுக்கு இல்லாத மச்சம், தேடுகிறோம் என்று தெரிந்ததும் கையைச் சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நகரசபைக்குப் போனாள், பேரை மாற்ற வேணும் என்றாள், காரணம் எழுத வேண்டும் என்றாள் அங்கிருந்த பெண், சுகந்தினிக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம்தான், இவளின் அக்கா, செத்துப்போனாள், இவள் அவளில்லை, அவ்வளவுதான் வந்தது, அந்தப் பெண் தலைகுனிந்தபடி படிவத்தையும் பேனையையும் நீட்டினாள், ரெனே நிமிர்ந்து பார்க்கிறாள், எனக்கு அக்கா இருக்கிறாவோ அம்மா, இருந்தவ, அவவின்ர பேர் என்ன, இத்தனை வருடமாக உதட்டுக்கு வராத பேர், இசைநிலா, குழந்தை மெல்லச் சொல்லிப் பார்க்கிறாள், இசைநிலா, பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அவ இல்லையோ என்கிறாள், இல்லையம்மா, நீ நீதான், அவ திரும்பி வரேல்லை என்று சொன்னாள் சுகந்தினி, சொன்ன பிறகுதான் தெரிந்தது, இதை அவள் இதுவரை யாரிடமும், தன்னிடம்கூடச் சொன்னதில்லை என்று, பேனையை மேசையில் போட்டுவிட்டு அந்த நகரசபைத் தரையிலேயே குந்தி, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் விலகி நிற்க, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.