ராசியான இரும்பு

லேத் பட்டறை சங்கையா அந்த பிரேக் ட்ரம்மைக் கையில் வாங்கி, உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பி நீட்டினார். இனிமேல் இதற்குக் கடைசல் பிடிக்க முடியாது என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை கடைந்தாயிற்று, இன்னும் கடைந்தால் மிஞ்சுவது வெறும் தகடுதான், நாலு மிதி சேர்ந்தாற்போல மிதித்தால் சூட்டில் விரிந்து பிடிக்காமல் போகும், வேறு ட்ரம் மாற்றச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ட்ரம்மைக் கொண்டுபோன டிரைவர் கோட்டைச்சாமிக்கு அதைக் கேட்டுத் தெம்பாகத்தான் இருந்தது. முதல்நாள் ஆனைக்குட்டம் விலக்கில் ஒரு கம்பெனி வேன் வேலைக்காரப் பெண்களை இறக்கிவிட நின்றது. பின்னால் வந்த கோட்டைச்சாமி பிரேக்கை மிதித்தார். மிதி அடிவரை போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய அம்பாசிடரை ஒடித்துக் கருவேல முள்ளுக்குள் விட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூக்குவாளியோடு இறங்கிய ஒருத்தி, கண்ணு பொடதியிலயா இருக்கு என்று வைதாள். அவள் வைததில் தப்பே இல்லை என்று அவருக்குத் தெரியும். இப்போது சங்கையாவே சொல்லிவிட்டதால் முதலாளியிடம் பேச வாய் கிடைத்தது.

முதலாளி தனுஷ்கோடிக்குத் தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி, சிவகாசியில் ஆபீஸ். அந்த அம்பாசிடர் அவருடைய அப்பா வாங்கியது. வாங்கிய வருஷம்தான் முதல் பெரிய ஆர்டர் வந்தது என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அன்றிலிருந்து ஒரு வழக்கம். தீபாவளி கழிந்து பூட்டிய கம்பெனியைப் பூஜை போட்டுத் திறக்கும் நாளில், சீசனின் முதல் பெட்டி அந்தக் காரில்தான் ஆபீஸுக்குப் போக வேண்டும். முதலாளி முன்சீட்டில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொள்வார். மற்ற நாளெல்லாம் முதலாளிக்குப் புதுக் கார், கோட்டைச்சாமிக்கு அம்பாசிடர்.

தனுஷ்கோடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

“டயரை மாத்து, சீட்டை மாத்து, யாரு வேண்டாம்னா? சக்கரத்தோட சுத்துற இரும்பு எங்கப்பா காலத்து இரும்பு. அத மாத்துனா ராசி போயிரும்பா.”

காசுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடக் கோட்டைச்சாமி பொறுத்துக்கொண்டிருப்பார். கஞ்சத்தனம் என்று மனசுக்குள் நாலு வசவு வைதுவிட்டுப் போயிருக்கலாம். ராசியை என்ன சொல்லி வைவது? இந்த மனிதர் மற்ற விஷயத்தில் விவரம் கெட்டவரும் இல்லை. கம்பெனி வாசலில் ஒவ்வொரு ஆளும் உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செல்போன், தீப்பெட்டி, ஆணி அடித்த செருப்பு எதுவும் உள்ளே வரக் கூடாது. ஒரு ஊக்கு கீழே விழுந்து கிடந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் அர்ச்சனைதான். அம்புட்டு ஜாக்கிரதையும் வாசலோடு நின்றுபோய், ரோட்டில் டிரைவர் உயிர் மட்டும் ராசியை நம்பி ஓட வேண்டும் என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இரண்டு நாள் கழித்து ட்ரம் திரும்பி வந்தது. சங்கையா மாட்டேன் என்றதை, முதலாளி அனுப்பிய வேறொரு லேத்தில் கேள்வி கேட்காமல் செய்து கொடுத்திருந்தார்கள். விளக்கி வைத்த பாத்திரம் மாதிரி உள்ளே பளபளவென்று இருந்தது. கோட்டைச்சாமி தன் கையாலேயே மாட்டினார். வெம்பக்கோட்டை வரை ஓட்டிப் பார்த்தார். முதல் மிதிக்கு நின்றது. அடுத்தடுத்து மிதிக்க மிதிக்க மிதி கீழே கீழே இறங்கியது. அதையும் போய்ச் சொன்னார். பைய ஓட்டு, ஒனக்குத் தெரியாத ரோடா என்று முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு கோட்டைச்சாமிக்கு ராத்திரிச் சோற்றை இறங்கவிடவில்லை. வயசு ஐம்பத்தாறு, இதை விட்டால் ஸ்டியரிங் கொடுக்க ஆள் இல்லை. அதனால் பைய ஓட்டினார். மாட்டைக் கண்டாலும் மனுஷரைக் கண்டாலும் தூரத்திலேயே கியரைக் குறைத்து ஓட்டினார்.

பூஜை நாளில் கம்பெனி வாசலில் பந்தல் போட்டிருந்தது. பொங்கலும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பெண்கள் நிழலில் நின்றார்கள். தீபாராதனை முடிந்தது. அம்பாசிடருக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. இந்த வருஷம் தனக்கு இடுப்பு வலி என்றும், பழைய சீட்டு ஒத்துக்கொள்ளாது என்றும், பெட்டியை மட்டும் முன்சீட்டில் வைத்தால் போதும் என்றும் தனுஷ்கோடி சொன்னார். கோட்டைச்சாமியும் நம்பினார். வலிக்கத்தானே செய்யும் என்று பெட்டியைச் சீட்டில் சாய்த்து வைத்தார்.

கோயம்புத்தூரில் படிக்கும் முதலாளியின் மகள் ஹர்ஷினி லீவுக்கு வந்திருந்தாள். தாத்தா காரில் பெட்டி தனியாகவா போகும் என்று சொல்லிக்கொண்டே முன்கதவைத் திறந்து ஏறி, பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் சந்தோஷம். புதுக் காரில் ஒரு காலை வைத்துவிட்ட தனுஷ்கோடி, இடுப்பு வலியை மறந்து ஓடி வந்தார்.

“எறங்கும்மா. அதுல வேண்டாம்.”

“ஏன்ப்பா?”

“பிரேக்கு சரியில்லம்மா. சொன்னாக் கேளு, எறங்கு.”

பதறி வந்த வார்த்தை, பந்தலில் நின்ற எல்லார் காதிலும் விழுந்தது. சாவியைத் திருகப் போன கோட்டைச்சாமியின் கை நின்றது. அப்படியானால் இவருக்குத் தெரியும். தான் சொன்னதெல்லாம் புரியாமல் இல்லை, நம்பாமலும் இல்லை. நன்றாகப் புரிந்துதான் பைய ஓட்டச் சொல்லியிருக்கிறார், நன்றாக நம்பித்தான் புதுக் காரில் காலை வைத்திருக்கிறார். கோட்டைச்சாமி காரை விட்டு இறங்கி, சாவியைக் கொண்டுபோய் ஆரத்தித் தட்டில் குங்குமத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ராசியான வண்டின்னு சொன்னீக. நானும் ஓட்டுனேன். பாப்பா ஏறக் கூடாத வண்டியில நான் மட்டும் ஏன் மொதலாளி ஏறணும்? எனக்கும் வீட்டுல ஆளு இருக்கு.”

ஹர்ஷினி மடியில் இருந்த பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இறங்கினாள். சுண்டல் தின்ற பெண்கள் தின்பதை நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தில் ஒருத்தி, அந்த அண்ணன் கேக்குறது நியாயந்தான என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் கேட்டது.

பெட்டியை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மறுநாளும் நல்ல நேரம் இருக்கிறது என்றார்கள். தனுஷ்கோடி மதுரைக்குப் போன் போட்டார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் நாலு சக்கரத்துக்கும் புது ட்ரம் வந்து இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோட்டைச்சாமிக்கு ஆத்திரம் பொங்கியது. கிடைக்காத சாமான் இல்லை, தூரத்துச் சாமானும் இல்லை. ஒரு போன் போட்டால் ஒரு பகலில் வருகிற சாமான்.

மறுநாள் தனுஷ்கோடியே முன்சீட்டில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். இடுப்பு வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வெம்பக்கோட்டை தாண்டி ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. கோட்டைச்சாமி மிதித்தார். கார் மிதித்த இடத்தில் நின்றது. ஆடுகள் கடந்து போகும்வரை பொறுக்க முடியாமல் முதலாளி பேச்சுக் கொடுத்தார்.

“இப்ப நல்லாப் பிடிக்குதுல்லப்பா?”

“பிடிக்கும் மொதலாளி. பாப்பாவுக்கு வாங்குனதுல்ல.”

கடைசி ஆடும் ரோட்டை விட்டு இறங்கியது. கோட்டைச்சாமி கியரைப் போட்டார். சொல்லி முடித்த பிறகும் அவருக்கு ஆத்திரம் தீரவில்லை.