பலகை காயும்வரை

1

இந்தக் கதை எனக்கு ஒரு படகுத்துறையில் கிடைத்தது. பழைய பாய்மரப் படகொன்றின் மேல்தளத்தில் ஒரு பெண் மண்டியிட்டு, வெளிறி உரிந்த வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே அவள் கணவன் உப்புத்தாளால் தேய்த்து வந்தான். பேச்சே இல்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

அந்தப் படகு அவர்கள் காதலைப் போலவே

(வேண்டாம். இதை என் நாவல்களில் நிறைய எழுதிவிட்டேன்.)

அவர்கள் பிரியப்போகிறார்கள். வீட்டுச் சாமான்களைப் பங்கு போட்டாயிற்று. படகை மட்டும் பாதியாக அறுக்க முடியாது. தளத்தைப் புதுப்பித்து விற்றுவிட்டு அவரவர் வழியே போவதென்று பேச்சு. அதற்காக ஞாயிறுதோறும் வருகிறார்கள்.

ஒருநாள் அவளுடைய அண்ணன் எட்டிப் பார்த்தான். “பிரியறதுக்கே இவ்ளோ பாலிஷா? சேந்து இருந்தப்ப வீட்டை ஒரு நாளாவது பெருக்கியிருப்பீங்களா மாப்ள?”

3

கழுவிய மரம் நன்றாகக் காய்ந்த பிறகே வார்னிஷ் பூச வேண்டும். ஈரத்தில் பூசினால் பால் கொட்டியதுபோல் வெளுத்துவிடும். எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி தேய்க்க வேண்டும். கணவனோ அவள் வருவதற்கு முன்பே, பனி உலராத பலகையில் பூசி வைத்துவிடுகிறான்.

[முதலில் இவனை அசடாகத்தான் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்தது. தெரிந்தே செய்கிறான். வேலை முடியாதவரை அவள் வருவாள் அல்லவா?]

இந்த இடத்தில் நீங்கள் உருகலாம். நானும் உருகினேன். ஆனால் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மரமும் கொஞ்சம் போகிறது.

4

இந்த ஞாயிறு சுரண்டி, தேய்த்து, கழுவி முடித்ததும் அவள் ஓரிடத்தில் விரலை வைத்தாள். மரத்துக்குள் புதைந்திருந்த திருகாணியின் தலை வெளியே தெரிந்தது.

“இனிமே தேய்க்க மரம் இல்ல. ஈரத்துல பூசறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் வந்தே?”

“போகாதேன்னு வாயத் திறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

அவன் அழுதான். அவள் அவன் தோளில்

(இல்லை. அவன் அழவில்லை.)

5

அந்த ஒரு சொல்லை அவன் வாயில் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பேசியது நான்தான். இப்போது அவன் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவள் பையை எடுத்துக்கொண்டாள், இன்னும் எழவில்லை. பலகை காய்ந்தால் அவன் பூசுவான், படகு விலைபோகும்.

வெயில் ஏறுகிறது. ஓரங்களில் மரம் காய்ந்து வெளுக்கத் தொடங்கிவிட்டது. நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம். என்னால் ஆகவில்லை, அது காய்வதற்குள் உங்களால் முடிந்தால் அவனைப் பேச வையுங்கள்.