வட்டமில்லாத கண்

"இமையை இன்னும் கொஞ்சம் தூக்குங்கக்கா," என்றார் பதிவுக்காரர்.

தங்கை, அண்ணனின் மேலிமையைக் கட்டைவிரலால் புருவத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். கண்ணைப் பதியும் கருவி மறுபடியும் சிவப்பு காட்டியது.

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு நேரம் என் கண்ணைப் பார்த்ததில்ல," என்றார் அண்ணன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளையிலிருந்து கண்ணைக் காட்டினால்தான் கிடங்கு வாசல் திறக்கும். கண் பதியாத காவலாளி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பட்டறையில் இரும்புத் துணுக்கு தெறித்து ஒரு கண் போன மனிதரை, இந்த வயதில் வேறு எவன் வேலைக்குக் கூப்பிடப் போகிறான்? மிஞ்சிய கண்ணும் அன்றைக்கு அடிவாங்கியதுதான். நடுக் கருப்பு வட்டமாக இல்லாமல், சாவித்துவாரம் மாதிரி கீழே இழுபட்டுக் கிடந்தது.

அவளுக்கு இது தெரிந்த வேலை. கண் படங்களில் நடுக் கருப்பைச் சுற்றி ஒரு கோடு, அதைச் சூழ்ந்த நிற வளையத்தின் வெளி விளிம்பில் ஒரு கோடு என்று நாள் முழுக்கக் கணினியில் வரைகிறவள். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் இந்தக் கருவிகள் கண்ணைத் தேடக் கற்றுக்கொள்கின்றன.

"கையால கோடு திருத்த வழி இருக்குமே தம்பி. கொஞ்சம் எந்திரிங்க."

அவர் இருக்கையில் உட்கார்ந்து, திரையில் விளிம்பு நெளிந்த இடத்தில் அவளும் நெளிந்து நெளிந்து வரைந்தாள். பச்சை விழுந்தது.

"எங்க பாப்பா கெட்டிக்காரி," என்று அண்ணன் வரிசைக்கே அறிவித்தார்.

"வாசல் கருவியிலயும் ஒருதரம் காட்டிடுங்க ஐயா. அதுல தெரிஞ்சாத்தான் பதிவு செல்லும்."

வாசலில் சிவப்பு. தள்ளி நின்றார், சிவப்பு. குனிந்து பார்த்தார், சிவப்பு.

"நீ வரைஞ்சது இதுக்குத் தெரியாதா பாப்பா?"

"அது அந்தப் படத்துக்கு மட்டும்தாண்ணே. இங்க ஒவ்வொரு தடவையும் இதுவேதான் விளிம்பைத் தேடணும். இது வட்டத்தைத் தேடுது."

"ஏன், என்னை மாதிரி கண்ணே உங்க ஆபீசுக்கு வந்ததில்லையா?"

"வந்திருக்கு."

"வந்தா என்ன பண்ணுவே?"

அவள் கருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கெட்ட படம்னு ஒதுக்கிடுவேன். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

அண்ணன் மறுபடியும் கருவிப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, மத்தவங்க காத்திருக்காங்க," என்றார் பதிவுக்காரர், சன்னமாக.

"ஒரே ஒருதரம் தம்பி," என்றார் அண்ணன்.

தன் விரல்களாலேயே இமைகளைப் பிளந்து பிடித்துக்கொண்டு, மூக்கு இடிக்கும்படி கருவியிடம் போய் நின்றார். இமைக்கவில்லை. கண் சிவந்தது, நீர் கோத்தது, கன்னத்தில் இறங்கிக் காவல் சட்டையின் காலரை நனைத்தது. அப்போதும் இமைக்கவில்லை.

"இப்ப தெரியுதா பாரு."

அவர் மூச்சு பட்டு கருவியின் சின்னக் கண்ணாடி மங்கியிருந்தது. அவள் கைக்குட்டையால் அதைத் துடைத்தாள். மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தாள்.