டேவிட் என்று இருந்தவர்

சவப்பெட்டிக்குள் கிடந்த கணவரின் சேட்டுக் கழுத்தை யோகராணி சரிசெய்துகொண்டிருந்தபோது, ஐயர் தர்ப்பையும் கையுமாகக் கிட்ட வந்தார்.

“பிள்ளை, இவற்ற பேர் சொல்லுங்கோ. தாய் தகப்பன்ர பேரும் வேணும்.”

இந்தக் கேள்வி வரும் என்று நாலு நாளாகவே அவளுக்குத் தெரியும். “ஒரு நிமிசம் ஐயா,” என்றாள்.

அண்ணன் கதிர்காமநாதன் அவளை மண்டபத்து மூலைக்குக் கூட்டிப்போனார். அவளைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

“டேவிட் எண்டே சொல்லு. மல்கிரேவ் வீட்டு உறுதிப் பத்திரத்தில டேவிட், உன்ர கலியாணப் பதிவில டேவிட். ஆள் போனாப் பிறகு ஏன் வில்லங்கத்தை விலைக்கு வாங்கிறாய்?”

அண்ணரைப் பிழை சொல்ல முடியாது. ஊரெல்லாம் ஃபிரிட்ஜ் திருத்தித் திரிந்த மனுஷனை மெல்பேர்னில் எல்லோருக்கும் டேவிட்டாகத்தான் தெரியும். கலியாணத்துக்கு முதல்நாள்தான் அவர் யோகராணியிடம் உண்மையைச் சொன்னார். பெயர் ரேமண்ட். 1970இல் வியட்நாமில் அமெரிக்கப் பட்டாளத்தில் இருபத்தொரு வயதுச் சிப்பாய். இந்தச் சண்டை எங்களுக்கு வேண்டாம் என்று, முகாமில் பிரதியெடுக்கிற ரோணியோ மெஷினிலேயே இரண்டு பக்கப் பத்திரிகை அடித்து, நாலு பேராகச் சேர்ந்து சாப்பாட்டு மேசைகளில் போட்டார்கள். என்ன துணிச்சல் பாருங்கள். பிறகு ஒரு காலையில் பதினொரு பேர் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, ரோந்துக்குப் போகமாட்டோம் என்று நிலத்தில் குந்திவிட்டார்கள். இரண்டு பேரை உடனே சிறைக்குக் கொண்டுபோனார்கள். ரேமண்டின் முறை வர முதல் அவருடைய லீவு வந்தது. லீவுப் பட்டியலில் அவர் பெயரை வெட்டவேண்டிய கிளார்க் மறந்துபோனான். மறந்தானோ, மறந்தமாதிரி இருந்தானோ. ஐந்து நாள் லீவில் சிட்னிக்கு வந்தவர் திரும்பிப் போகிற பிளேனில் ஏறவில்லை. பழத்தோட்டமொன்றில் வேலை கேட்கும்போது வாயில் வந்த பெயர்தான் டேவிட்.

ஒஹாயோவில் இருந்த தாய்க்கு அவர் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. போட்டால் முதலில் பிரிக்கிறது பொலிஸ்தான் என்ற பயம். அந்தப் பயம் அவரோடு சேர்ந்தே கிழடானது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் அந்த ஊர் டெலிபோன் புத்தகத்தைத் திறந்து, தாயின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் அன்றைக்குக் குசினியில் ரொட்டி சுடுவது அவர்தான். நெஞ்சு நிறைய ஏக்கத்தை வைத்துக்கொண்டு மனுஷன் சீட்டியடித்துக்கொண்டு நிற்பார்.

“அண்ணை, சண்டையை விட்டு ஓடினவர் எண்டுதானே பயப்பிடுறியள்? எங்கட தம்பி குகன் இயக்கத்துக்குப் போனாப் பிறகு, அவன் ஓடி வரவேணும் எண்டு நான் எத்தினை கோயிலுக்கு நேர்ந்தனான். அவன் வந்திருந்தா அவன்ர பேரை ஒளிச்சிருப்பியளோ?”

குகன் வரவேயில்லை. கதிர்காமநாதன் விலகி அவளுக்கு வழிவிட்டார்.

அவள் திரும்பிப்போய்ச் சொன்னாள். “பேர் ரேமண்ட். தகப்பன் பேர் ஏர்ல்.”

கிரியைக்கு உட்கார்ந்திருந்த மகள் வைதேகி நிமிர்ந்தாள். “மம், ஹூ இஸ் ரேமண்ட்?”

“அப்பா. எல்லாம் பிறகு சொல்லுறன். இப்ப ஐயா சொல்லுறதைச் சொல்லு.”

ஐயருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. “தகப்பன் காலமாகிட்டாரோ?”

“ஓம். இவருக்கு ஒன்பது வயசில.”

“தாயார் பேர்?”

“டொரத்தி.”

“அவ எப்ப காலமானவ?”

“அவ இருக்கிறா ஐயா. எண்பது வயசு.”

“அப்ப அவவின்ர பேர் இதில வராது. உயிரோட இருக்கிற ஆக்களைச் சொல்லுறதில்லை.”

நாலு நாளாக வராத அழுகை அப்போதுதான் யோகராணிக்கு வந்தது. முப்பத்தாறு வருஷம் ஒரு தாயை இல்லாத ஆளாக்கி வைத்திருந்தாயிற்று. ஐயர் ஒரு சொல்லில் அந்தத் தாயை இருக்கிறவள் ஆக்கிவிட்டார். வைதேகி தகப்பன் பெயரை ஐயர் சொல்லச் சொல்ல, எழுத்தெழுத்தாகப் பிசகாமல் சொன்னாள்.

பெட்டி தகன அறைக்குள் போனபிறகு, வாசலில் வைத்து வைதேகி கேட்டாள். “மம், அப்பாவின்ர அம்மாவுக்குத் தெரியுமா?”

“இல்லை.”

“அங்க இப்ப என்ன டைம்?”

“இரவு ஒன்பதரை. அங்க இன்னும் நேற்றுத்தான்,” என்றாள் யோகராணி. அவள் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

வைதேகி தன் ஃபோனை நீட்டினாள். அந்த எண் யோகராணிக்கு மனப்பாடம். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அழுத்தியதில்லை. ஆறாவது தடவை மணி அடித்தபோது ஒரு வயதான குரல் எடுத்தது. யார் என்று கேட்டது.

“நான் ரேமண்டின் மனைவி,” என்று யோகராணி ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் உட்கார ஒரு கதிரையை மெல்ல இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.