கடையடைப்பு

"இங்கன இறக்குங்க" என்றாள் உமாதேவி.

பாடை தூக்கியவர்கள் தயங்கினார்கள். பாதி வழியில் இறக்கினால் ஆகாது என்பார்கள். அதுவும் கோவில்பட்டி பழைய பஜாரின் நடுவே, மூட்டை இறங்கும் நேரத்தில். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன தம்பி அருண்பாண்டியன் திரும்பிப் பார்த்தான்.

"நேரமாவுதுக்கா."

"ஆவட்டும். அம்மாவுக்கு இனிமே என்னடா அவசரம்?"

பஜாரில் வியாபாரி யார் செத்தாலும், பாடை கடக்கும்வரை எல்லாக் கடையும் அடைப்பார்கள். இன்று ஒரு கடைகூட அடைக்கவில்லை. பருப்புக் கடையில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. அப்பா போன பிறகு மிளகாய் வத்தல் கடையைத் தனியாளாக நடத்திய முத்துமாரியம்மாள் இவர்கள் கணக்கில் வியாபாரி இல்லை, பொம்பளை. உமாவுக்கு அழுகையெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. இப்போது கோபம்தான் இருந்தது.

பாடை இறங்கியது. பின்னால் ஒரு லோடு ஆட்டோ ஹாரன் அடித்து, பாடை மேல் கிடந்த மாலையைக் கண்டதும் அடங்கியது.

பருப்புக் கடையிலிருந்து வியாபாரிகள் சங்கத் தலைவர் லிங்கராஜ் இறங்கி வந்தார்.

"என்னம்மா இது? பொம்பளையாளுக்குக் கடையடைக்கது வழக்கமில்லையே."

"ஒங்க அய்யா தவறுன அன்னைக்கு எங்கம்மா கடைய அடைச்சாவளா, இல்லியா அண்ணாச்சி?"

"அடைச்சாவ."

"வத்தல் சீசன். வாசல்ல வந்து நின்ன லாரியத் திருப்பி அனுப்பிட்டுல்லா அடைச்சாவ. அன்னைக்கு அவிய பொம்பளைன்னு ஒங்களுக்குத் தெரியலையோ?"

அவர் பாடையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

"சரி, தூக்கச் சொல்லு. பாத்துக்கிடுவோம்."

"நீங்க அடைங்க. பொறவு தூக்குவாவ."

கடைக்காரர்கள் எல்லாரும் தலைவரின் முகத்தையே பார்த்தார்கள். லிங்கராஜ் படியேறினார். தாத்தா காலத்துக் காரைக்கட்டடம், ஷட்டர் கிடையாது. தேக்குப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகித்தான் அடைக்க வேண்டும். உதவ வந்த வேலையாளை விலக்கிவிட்டு அவரே செருகினார். தெரு நெடுக மற்றக் கடைகளும் அடைபடத் தொடங்கின. அருண் கீழே வைத்திருந்த சட்டியை எடுத்தான். தூக்குகிறவர்கள் குனிந்தார்கள்.

உமா கைகாட்டி அவர்களை நிறுத்தினாள். ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பலகையை மட்டும் லிங்கராஜ் விட்டு வைத்திருந்தார். உள்ளே விளக்கு எரிந்தது.

"இன்னும் ஒண்ணு கெடக்கு அண்ணாச்சி."

அவர் உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு வந்து பலகையைத் தூக்கினார். போன மழைக்கு உப்பிய பலகை, லேசில் இறங்கவில்லை. தோளைக் கொடுத்து அழுத்தினார். அது போய் உட்காரும்வரை உமா பார்த்துக்கொண்டு நின்றாள்.