தாயின் ரத்தம் மட்டும்

“அந்தப் பேப்பர்ல எம் மவன் பேரு இருக்கா? அத மட்டும் சொல்லுங்க,” என்றாள் வடிவம்மாள்.

ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், தோட்டத்து மருந்தகத்து டிரஸர் ராஜநாயகம் அவள் வீட்டு வாசலிலேயே நின்றார். கோலாலம்பூரில் ரத்தம் சோதித்து அனுப்பிய தாள் அவர் கையில் இருந்தது. 1979-ஆம் வருஷம் அது.

“இல்லம்மா. ஒங்க மருமவ அம்சவல்லி பேருதான் இருக்கு. அவ ரத்தத்த மட்டுந்தானே எடுத்தாங்க?”

அம்சவல்லியின் நான்கு வயது மகள் சீதாவுக்குத் தலசீமியா. உடம்பில் ரத்தம் ஊறாத நோய். மாதாமாதம் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், ரத்தத்தைச் சோதித்து, குறைந்திருந்தால் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். தூக்கிப்போனவள் தாய். அதனால் இந்தச் சோதனைக்கும் அவள் கையைத்தான் நீட்டச் சொன்னார்கள். தகப்பனையும் வரச் சொல்லி மூன்று தடவை சொல்லியனுப்பினார்கள். விஜயன் போகவில்லை.

“ரெண்டு பேரு ரத்தத்துலயும் இருந்தாத்தான் புள்ளைக்கு இது வரும். விஜயா, நாளைக்கே வந்து ரத்தம் குடு லா,” என்றார் டிரஸர்.

விஜயன் தலையைக் குனிந்துகொண்டான்.

“தேயில மூட்டையத் தூக்கி லோரில அடுக்குறவன் எம் மவன். அவன் ரத்தத்துல என்ன கொற? கெட்ட ரத்தம் யாருதுன்னு பேப்பரே சொல்லிருச்சு,” என்றாள் வடிவம்மாள்.

அந்த வாரமே விஜயனின் அக்கா மகள் பாஞ்சாலையை அவனுக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடித்தார்கள். சொந்த ரத்தம், சுத்தமான ரத்தம் என்றாள் வடிவம்மாள். சொந்தத்தில் கட்டினால் ஆபத்து இன்னும் அதிகம் என்று டிரஸர் சொல்லிப் பார்த்தார். மருந்து கொடுப்பதோடு நிற்கச் சொன்னார்கள். அம்சவல்லியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் மலையில், பாஞ்சாலை கொழுந்து எடுக்கும் நிரைக்கு அம்சவல்லியே போனாள். பாஞ்சாலைக்குப் பதினேழு வயது.

“ஒம்மேல எனக்குக் கோவமில்ல பாஞ்சாலை. தாலி கட்டுறதுக்கு முன்னால ரெண்டு பேரும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும்னு சொல்லு. ஒனக்குப் பொறக்கப்போற புள்ளைக்காகச் சொல்றேன்.”

பாஞ்சாலையின் கைகள் கொழுந்து கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“கேட்டேன் அத்தே. மாமன் ரத்தத்தயும் பாக்கட்டும்னு கேட்டேன்.”

பிறகு ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். விறகுக்கட்டை பட்ட இடம் கன்றிக் கருத்திருந்தது.

“அம்மா அடிச்சாங்க,” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துக் கோயிலில் மேளம் முழங்கியது. சீதாவின் உதடு வெளுத்துப் போயிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கோயிலைத் திரும்பிப் பாராமல் அம்சவல்லி பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் லூர்தம்மாள், சீதாவின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்:

“இன்னிக்கும் இவ அப்பா வரலியா? அவரு ரத்தத்த எப்பத்தான் பாக்குறது?”

“இன்னிக்கு அவருக்குக் கல்யாணம் சிஸ்டர்,” என்றாள் அம்சவல்லி. “நீங்க புள்ளையப் பாருங்க.”