இரண்டாவது மாடி

முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அதனால் மனைவியின் கம்ப்யூட்டரில் இருக்கிற டெஸ்க்டாப்புகளை அவர் மாடி என்றுதான் சொல்வார். திரை ஒன்றுதான். ஆனால் இரண்டு மூன்று விசையைச் சேர்த்துத் தட்டினால் அதிலிருப்பதெல்லாம் ஒரு பக்கமாக நழுவிப் போய், வேறு சாமான்களோடு வேறொரு மேஜை வந்து நிற்கும். அவள் கோர்ட்டுக்குத் தட்டச்சு செய்பவள். சாட்சிகள் பேசிய ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று வீட்டிலிருந்தே அடித்து அனுப்புவாள். முதல் டெஸ்க்டாப்பில் அந்த வேலை. மூன்றாவதில் வீடு: சிலிண்டர் பதிவு, மகள் அனுப்பிய படங்கள், பழைய பாட்டு.

"இப்ப எந்த மாடியில இருக்க?" என்பார். கட்டில் அவள் நாற்காலிக்கு நேர் பின்னால். வயிற்றுவலி வந்ததிலிருந்து பகலிலும் அதில்தான் சாய்ந்திருப்பார்.

"ஒண்ணுலங்க."

"மூணுக்கு வா. ஒரு பாட்டு போடு."

இரண்டாவது மாடியை மட்டும் அவர் பார்க்கக் கூடாது. அது கதவை மூடிக்கொண்டு விசாரிக்கிற கேஸ், கட்டின புருஷன் பார்த்தால்கூட என் வேலை போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தாள். அவரும் நம்பினார். அவள் அந்தப் பக்கம் போகிறாள் என்று தெரிந்தால் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார். தீர்ப்பு எப்போது என்று மட்டும் அவ்வப்போது கேட்பார். இழுத்துக்கொண்டே போகிறது என்பாள்.

இரண்டாவதில் கேஸ் எதுவும் இல்லை. அவருடைய பயாப்ஸி ரிசல்ட் இருந்தது, டாக்டரின் கடிதம் இருந்தது, திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த முன்பதிவு இருந்தது. ரிசல்ட் வந்து பதினோரு நாளாகிறது. தினமும் காலையில் அவர் ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்பார். லேபில் மெஷின் ரிப்பேராம் என்பாள். லிஃப்ட்டாக இருந்தால் நானே போய்ச் சரிபண்ணியிருப்பேன் என்று சிரிப்பார்.

மறைத்ததற்குக் காரணம் அவருடைய அண்ணன். அண்ணனுக்கும் இதே நோய்தான். மருந்து ஏற ஏற மனுஷன் உருகிப் போனதைக் கூடவே இருந்து பார்த்தவர் இவர். அண்ணனைத் தகனம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்றே சொல்லிவிட்டார்: எனக்கு இது வந்தால் ஊசி, மருந்து ஒன்றும் வேண்டாம், என்னை வீட்டில் விட்டுவிடு. அவர் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்.

அவருக்குச் சொல்லாமல் மருந்து ஏற்ற டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஊசிகூடப் போட மாட்டேன், திங்கட்கிழமைக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லலாம். ஆனால் அவள் வாயால் சொன்னால் முடியாது என்றுதான் வரும். மகளிடம் அவர் முடியாது என்று சொன்னதே கிடையாது. வேலைக்கு வெளியூர் போகிறேன் என்று மகள் நின்றபோது இவள்தான் அழுதாள். அவர் பெட்டிக்குப் பூட்டு வாங்கக் கடைக்குப் போய்விட்டார். அதனால் மகளை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். நேரில் பேச வேண்டும் என்பதைத் தவிர மகளுக்கும் எதுவும் தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கட்டும். அவளுக்காக ஒத்துக்கொள்வார். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வியாழக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் திணறிப் போய்விட்டது. ஒரு எழுத்து அடித்தால் எண்ணி மூன்று சொன்ன பிறகு வந்தது. அலுவலகத்து டெக்னீஷியனைப் போனில் கூப்பிட்டாள். அவர் தன் இடத்திலிருந்தே இவள் மெஷினுக்குள் நுழைந்தார். அம்புக்குறி தானாக ஊர்ந்தது.

"மேடம், மவுஸ்ல இருந்து கையை எடுத்துடுங்க. நான் பாத்துக்கறேன்."

எடுத்தாள். எத்தனை ஜன்னல் திறந்து வைத்திருக்கிறீர்கள், மூன்று டெஸ்க்டாப் எதற்கு என்று அலுத்துக்கொண்டார். மூன்றும் சின்னச் சின்னப் படமாகத் திரையின் ஓரத்தில் வந்து நின்றன. அம்புக்குறி இரண்டாவதன் மேல் போய் நின்றது. அதைத் தொடாதீர்கள் என்று இவள் சொல்வதற்குள் அதன் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கிவிட்டார்.

"பயப்படாதீங்க மேடம், ஒண்ணும் அழியல. அதுல இருந்ததெல்லாம் முதல் டெஸ்க்டாப்புக்கு வந்துடுச்சு, பாருங்க."

வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ரிசல்ட். கண் சரியில்லாததால் அவள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துத்தான் படிப்பாள். கட்டிலிலிருந்து கண்ணாடி போடாமலே படிக்கலாம். முதல் வரியில் அவர் பெயர். நான்காவது வரியில் அந்த வார்த்தை.

இனி வேகமாக ஓடும் மேடம் என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் போய்விட்டார். அவள் திரும்பவில்லை. பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"கேஸ்ல தீர்ப்பு வந்துடுச்சு போல," என்றார்.

அப்புறம் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். பெரிதாகப் பரவவில்லையாம், மருந்து எடுத்துக்கொண்டால் இரண்டு வருஷம், அதற்கு மேலும் இருக்கலாமாம்.

"அண்ணனுக்கும் ரெண்டு வருஷம்னுதான் சொன்னாங்க. ஒன்பது மாசம். கடைசில பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பக்கூட இல்ல." பிறகு, "பாப்பாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க. ஞாயித்துக்கிழமை வந்ததும்..."

"ஓ. அதுக்குத்தான் வரச் சொன்னியா."

மனுஷனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. தலையணைப் பக்கமிருந்த போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். குரல் பிசிறில்லாமல் இருந்தது.

"பாப்பா, ரிசல்ட் வந்துடுச்சும்மா. ஒண்ணுமில்லையாம், வெறும் புண்ணு. நீ லீவு போட்டு அலையாத. இந்தா, அம்மாவையே கேளு."

போனை நீட்டினார். அவர் கண் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்பாடா, அப்பாடா என்று இரண்டு முறை சொன்னாள். அப்போ டிக்கெட்டை ரத்து பண்ணிடவா என்று கேட்டாள்.

"பண்ணாத. நீ வா."

"ஏம்மா? அப்பா இப்ப சொன்னாரே..."

"பொய்."

"அப்பா பொய் சொல்வாரா?"

"என்கிட்ட கத்துக்கிட்டாரு," என்றாள். "பதினோரு நாளா நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கெஞ்சிக் கேட்டாள். அழுதாள், திட்டினாள், எனக்காகப்பா என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "முடியாதும்மா" என்றார். பிறந்ததிலிருந்து அவளுக்கு அவர் சொன்ன முதல் முடியாது. சொல்லிவிட்டு, வந்ததிலிருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை மனைவி வேலைக்கு உட்கார்ந்தாள். ஒலிப்பதிவில் கிடங்குக் காவலாளி ஒருவரைக் கூண்டில் ஏற்றி, கதவைப் பூட்டினீரா இல்லையா என்று வக்கீல் குடைந்துகொண்டிருந்தார். புதிதாக இரண்டாவது டெஸ்க்டாப் ஒன்றைத் திறக்க அவளுக்கு மனமில்லை. காவலாளியின் பதில்களுக்கு அடியில் ரிசல்ட்டும் கடிதமும் அப்படியே கிடந்தன.

ஒன்பதரைக்குத் திரையின் கீழ்மூலையில் ஒரு நினைவூட்டல் சீட்டு எழும்பியது. ஆஸ்பத்திரி, இன்று பத்து மணி. அடியில் இரண்டு பொத்தான்கள்: தள்ளி வை, மூடு.

தள்ளி வை என்பதை அமுக்கினாள். பத்து நிமிஷத்தில் மறுபடி வந்தது. அமுக்கினாள். உள்ளறையில் மகள் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஒன்பது ஐம்பதுக்கு மூன்றாவது முறை.

"இன்னும் எத்தனை தடவை தள்ளுவ?" என்றார் பின்னாலிருந்து.

"தெரியலங்க."

மூடச் சொல்வார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டார். பொத்தானை அமுக்கிவிட்டு லிஃப்ட்டுக்கு நிற்பவர்போல, திரையின் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.